சூரியனுக்கு அனுமதி கொடுத்த விழா

புலாங்கியான் தீவின் மின் கூட்டுறவுச் சங்கத்துக்கு, மின்சாரம் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் கைவந்த கலை. நாடா வெட்டுவார்கள், பதாகை கட்டுவார்கள், பாதிரியாரைக் கூட்டிவந்து புதுக் கம்பத்துக்குத் தீர்த்தம் தெளிப்பார்கள். அந்தக் கம்பத்துக்குக் கம்பி வந்து சேர்வதற்குள் பாதிரியார் மாற்றலாகிப் போயிருப்பார். கம்பி வரும் நாளைக்கும் ஒரு விழா உண்டு.

சங்கத்துக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. கரண்ட் பில் கட்டுகிற எல்லோரும் ‘உறுப்பினர்-உரிமையாளர்’தான். அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் எழுதியே போட்டிருந்தார்கள்: ‘உரிமையாளர்கள் உள்ளே வரக்கூடாது. ஜன்னலில் நிற்கவும்.’

அப்படி ஜன்னலில் நின்ற உரிமையாளர்களில் ஒருவர் தியோபிஸ்தோ கபுத்தான்; ஊருக்கு ‘மனோங் பிஸ்தோ’, அதாவது பிஸ்தோ அண்ணன். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் சமையல்காரராக வாழ்நாளைக் கழித்துவிட்டுக் கரையேறியவர். சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் தொப்பியைக் கழற்றிவிடுவார். அவர் மனைவி துலியா சின்ன வயதிலிருந்தே கொப்பரை சுடும் சூளையில் வேலை பார்த்தவள். புகை நெஞ்சில் குடியேறி, இப்போது ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் மூலையில் நிற்கிற சிலிண்டரை மாட்டிக்கொள்வாள். சிலிண்டரை நிரப்ப எதிர்க்கரைக்குக் கப்பலேற வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் கிடையாது. ஆக, துலியாவின் மூச்சு சங்கத்தின் கையில் இருந்தது. இதைப் பிஸ்தோ மாதாமாதம் ஜன்னலில் நின்று சொல்லிவிட்டு வருவார். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

துலியாவுக்குப் பேச மூச்சு பற்றாது. அதனால் பேசுகிற நாலு வார்த்தையையும் சுருக்கென்று தைக்கிற மாதிரிதான் பேசுவாள்.

"நன்றின்னானா? அந்த நன்றியை மெஷின்ல சொருகிப் பாரு. ஓடுதான்னு."

சங்கத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்துக்கு ஊரே வரும். சங்கத்தின் மேல் உள்ள பாசத்தில் அல்ல. கடைசியில் குலுக்கல் உண்டு, கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பரிசு. பிரார்த்தனை, தேசிய கீதம், சங்க கீதம், வரவேற்புரை எல்லாம் முடிந்து, மேடையில் இருப்பவர்கள் மேடையில் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உறுதிசெய்யும் உரை நடந்தது. அதுதான் உள்ளதிலேயே நீளம். அப்புறம் பொதுமேலாளர் வால்தேசா எழுந்தார். அவர் முகம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் வாழ்த்து, பட்டமளிப்பு வாழ்த்து, புயல் எச்சரிக்கை எதுவானாலும் அவர் சிரிக்கிற பதாகை ஒன்று தெருவில் தொங்கும்.

"என் உரிமையாளர்களே! நான் பொறுப்புக்கு வந்தப்ப, கரண்ட் எப்பப் போகும்னு இந்தத் தீவுல ஒருத்தருக்கும் தெரியாது. இன்னைக்கு? சின்னக் கொழந்தையைக் கேளுங்க, சொல்லும். மத்தியானம் போகும்! இதுக்குப் பேருதான் திட்டமிடல்!"

கைதட்டல் எழுந்தது. அடுத்து அவர் ‘நம்பகத்தன்மை’ என்று ஆரம்பித்ததும் ஒலிபெருக்கி செத்துப்போனது. டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பும்வரை அவர் சிரித்தபடியே நின்றார்.

"இதை மின்தடைன்னு சொல்லாதீங்க," என்றார் ஒலி திரும்பியதும். "மனுசனுக்கு ஓய்வு வேணும்னா மின்சாரத்துக்கு வேண்டாமா?"

அதற்கும் கைதட்டினார்கள். குலுக்கல் பெட்டி மேடையில் இருந்தது அல்லவா.

முதல் பரிசு ஒரு பவர் ஸ்டேஷன். ஐஸ் பெட்டி அளவில், கைப்பிடி வைத்த பேட்டரிப் பெட்டி. கூடவே வெயிலில் விரித்து வைக்கச் சூரியத் தகடுகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, கரண்ட் போனதும் வீட்டுக்குக் கரண்ட் தரும். மின்சாரம் தருகிற சங்கமே, தன் மின்சாரத்தை நம்பாமல் பிழைக்கிற பொருளை முதல் பரிசாக வைத்திருக்கிறதே என்று அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அது தனக்கு விழவேண்டும் என்று அவரவர் சாமியை வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

பிஸ்தோவுக்கு விழுந்தது. பெட்டியின் படம் அச்சடித்த ஆளுயர அட்டையைக் கையில் கொடுத்து, வால்தேசாவோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நிஜப் பெட்டியை ஒப்படைக்கத் தனி விழா நடந்தது. அதையும் தாங்கிக்கொண்டு பிஸ்தோ பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தகடுகளைத் தகரக் கூரையில் கட்டி, ஒயரை ஜன்னல் வழியாக இறக்கினார்.

மத்தியானம் சொன்னபடி கரண்ட் போனது. மின்விசிறி, பக்கத்து வீட்டுப் பாட்டுப் பெட்டி, தெருமுனைக் குளிர்பெட்டி எல்லாம் அடங்கின. துலியாவின் மெஷின் மட்டும் ‘உஸ்... உஸ்...’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. பழக்கதோஷத்தில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடிவந்த பிஸ்தோ பாதியில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை மத்தியானங்கள் இந்தச் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்!

"என்ன நிக்கிற? அழுவறியா?" என்றாள் துலியா.

"இல்ல, வியர்வை."

"அந்த வால்தேசா, வாழ்க்கையில தெரியாத்தனமா ஒரு நல்லது பண்ணிட்டான். தெரிஞ்சா வந்து புடுங்கிக்குவான் பாரு."

அவள் வாய்முகூர்த்தம், அந்த வாரமே வந்தார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு வீட்டில் மட்டும் மெஷின் சத்தம் கேட்பதாகக் கம்பமேறும் கம்பியாள் ஒருவர் மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார். சங்க வண்டியிலிருந்து ஒரே நிறச் சட்டையில் ஒரு கும்பல் இறங்கியது. மின்தடை என்று புகார் சொன்னால் வராத வண்டி, மின்சாரம் இருக்கிறது என்றதும் பறந்து வந்திருந்தது. தலைமையாக வந்தவர் இன்ஜினியர் உங்காப்.

பிஸ்தோ தொப்பியைக் கழற்றினார்.

"மனோங் பிஸ்தோ, உங்க வீட்ல கரண்ட் இருக்குன்னு தகவல். உண்மையா?"

"உண்மைதான் இன்ஜினியர்."

"எங்கேருந்து வருது?"

"வெயில்லேருந்து."

உங்காப் நெற்றியைச் சுருக்கிக் கூரையைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "இந்தத் தீவுல மின்சாரம் வழங்கற உரிமை யாருக்கு?"

"சங்கத்துக்கு."

"அந்த வெயில் எங்க விழுது? தீவுலதான? அப்ப எங்க சேவைப் பகுதிக்குள்ள வெளியாள் ஒருத்தன் வந்து சப்ளை பண்றான்னு அர்த்தம்."

"இன்ஜினியர், இது நீங்க குடுத்ததுதான். குலுக்கல்ல."

"குடுத்தது உறுப்பினர் நலப் பிரிவு. நான் ஒழுங்குமுறைப் பிரிவு. பரிசா வெச்சுக்க ஒரு தடையும் இல்ல. துணி போத்தி ஹால்ல வெச்சு அழகு பாருங்க. ஓட்டத்தான் கூடாது."

"மெஷின் நின்னுபோகுமே. என் வீட்டுக்காரிக்கு மூச்சு..."

"மெஷினை யாரு நிறுத்தச் சொன்னது? தாராளமா ஓடட்டும். எங்க லைன்ல ஓடட்டும்."

"லைன்ல கரண்ட் இல்லையே."

"அது வேற பிரிவு," என்றார் உங்காப், மிகுந்த பொறுமையோடு.

பெட்டியின் பொத்தானை அணைத்து, அதன் மேல் முத்திரைத் தாளை ஒட்டினார்கள். அதிலும் வால்தேசா சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கிழித்தால் வீட்டு இணைப்பையே துண்டிப்போம் என்று எச்சரித்துவிட்டுப் போகும்போது, உங்காப் தன் செல்போனில் சார்ஜ் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

மெஷின் அடங்கியது. துலியா தானே சிலிண்டர் குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"நீ தொப்பியக் கழட்டுன பாரு... அதைப் பாத்துதான் பயந்து ஓடிட்டாங்க போல."

பிஸ்தோவுக்குச் சுரீர் என்றது.

மறுநாள் ஜன்னலில் விசாரித்தபோது விஷயம் தெளிவாயிற்று. சங்கச் சட்டதிட்டத்தில் மின்சாரம் உண்டாக்கும் எதுவும் மின் நிலையம். துறைமுகத்தில் புகை கக்கும் டீசல் நிலையத்துக்கு என்ன விதியோ, கபுத்தான் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டிக்கும் அதே விதி. நிலையத்துக்கு ஒரு மேலாளர் வேண்டும், ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டும். மேலாளர் பிஸ்தோ, பாதுகாப்பு அதிகாரி துலியா; இருவரும் பயிற்சி முகாமுக்கு வரவேண்டும். முகாம் நாளில் அரங்கில் கரண்ட் இல்லாததால், திரையில் காட்டவேண்டிய படங்களை உங்காப் கையால் ஆட்டிக் காட்டினார். "இப்ப இங்க ஒரு பெரிய அம்புக்குறி வரும். கற்பனை பண்ணிக்கங்க." துலியா வரமுடியாதது குறித்து விசாரணை நடந்து, அவளுக்கு வீட்டுக்கே மஞ்சள் தலைக்கவசம் அனுப்பப்பட்டது.

மூக்கில் குழாயும் தலையில் கவசமுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் பாதுகாப்பு அதிகாரி.

"நிலைய மேலாளரே, கஞ்சி எப்ப வரும்?"

"சிரிக்காத துலியா. மூச்சு வாங்கும்."

"இதுக்கு யாரு சிரிப்பா? எனக்குக் கேவலமா இருக்கு."

இதற்குள் மழைக்காலம் பிறந்து, மத்தியானம் மட்டும் போய்க்கொண்டிருந்த கரண்ட் எந்நேரமும் போக ஆரம்பித்தது. கடல் சீறிக் கப்பல்கள் நின்றன. வீட்டில் இருந்தது ஒரே சிலிண்டர். அதன் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது. பிஸ்தோ ஜன்னலுக்கு நடையாய் நடந்தார். ‘நிர்வாகக் குழு பரிசீலிக்கிறது’ என்றார்கள். பரிசீலித்த குழு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. அது வெறும் பெட்டியல்ல, தீவின் முதல் பசுமை மின் நிலையம். சங்கத்தின் மாபெரும் சாதனை. ஆகவே திறப்பு விழா நடத்தித்தான் முத்திரையை எடுக்கவேண்டும்.

விழாவன்று மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. அடுத்த புயல் கிளம்பிவிட்டதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. காலையிலேயே பந்தல் போட்டார்கள். முழுப் பன்றி வறுவல் வந்து மேஜையில் படுத்தது. தெருவிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று கூரைச் சரிவு முழுவதையும் மூடி ஒரு ராட்சதப் பதாகையை இழுத்துக் கட்டினார்கள். ‘சூரியனை உங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்த பொதுமேலாளருக்கு நன்றி! இப்படிக்கு, கபுத்தான் குடும்பம்’ என்றிருந்தது அதில்.

"நாம எப்ப நன்றி சொன்னோம்?" என்றாள் துலியா.

அவளைக் கவசத்தோடு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் சிலிண்டர். கரண்ட் வழக்கம்போல் இல்லை. உங்காப் முத்திரைத் தாளை, பொதுமேலாளர் முகம் கசங்காமல் நகத்தால் நெருடி உரித்தார். பெட்டியின் திரை நூறு சதவீதம் காட்டியது. பிஸ்தோ மெஷின் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"மனோங், மனோங்! இருங்க. திறக்கறதுக்கு முன்னாடியே உபயோகிச்சா அப்புறம் திறப்பு விழாவுக்கு என்ன மரியாதை?"

"மைக்கு செட்டை மாட்டியிருக்காங்களே, இன்ஜினியர்?"

"அது விழாவுக்கான கரண்ட்."

விழாவுக்கான கரண்டில் ஒலிபெருக்கி அலறியது. பொதுமேலாளருக்கு ஒரு பெரிய மின்விசிறி சுழன்றது. இரண்டு சோற்றுக் குக்கர்கள் கொதித்தன. அங்கே வந்திருந்த அதிகாரிகள் அத்தனை பேரின் செல்போன்களும் பெட்டியில் பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளாகத் தொங்கின. பிரார்த்தனை, கீதங்கள், மேடையில் இருப்பவர்கள் மேடையில் இருப்பதை உறுதிசெய்தல், நிர்வாகக் குழுத் தலைவியின் இரண்டு காதல் பாட்டுகள். திரையில் எண் சரசரவென்று இறங்கியது.

"இன்ஜினியர், வெயில் இந்தப் போடு போடுது. ஏன் ஏற மாட்டேங்குது?"

"புது நிலையம் மனோங். முதல்ல கொஞ்சம் கூச்சப்படும்."

பிஸ்தோ நிமிர்ந்து பார்த்தார். கூரையில் தகடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வால்தேசாதான் இருந்தார். வெயில் முழுவதும் அவர் பல்லில் விழுந்துகொண்டிருந்தது.

"பதாகை... தகட்டு மேல கட்டிட்டாங்க! கழட்டச் சொல்லுங்க!"

"போட்டோ எடுத்து முடியட்டும்," என்றாள் மைக்கோடு நின்ற விழாத் தொகுப்பாளினி, பல் தெரியச் சிரித்து.

வால்தேசா மைக்கைப் பிடித்தார்.

"ஒரு காலத்துல இந்த மக்கள் எங்களையே நம்பி இருந்தாங்க. எவ்வளவு பரிதாபம்! இன்னைக்கு எங்களை நம்பவே வேண்டியதில்லைங்கற நிலைக்கு உங்களைக் கொண்டுவந்திருக்கோம். கேக்கறாங்க, கரண்ட் இல்லாம மக்கள் கஷ்டப்படறாங்களேன்னு. கஷ்டமே இல்லேன்னா நாங்க எதுக்கு? இந்த அம்மாவைப் பாருங்க. எங்க கரண்ட் போகாம இருந்திருந்தா, இந்த அம்மாவை இன்னைக்கு யாருக்காவது தெரியுமா?"

‘இந்த அம்மா’வின் உதடு வெளுத்திருந்தது. சிலிண்டரின் முள் சிவப்பின் அடியில் படுத்துவிட்டது. துலியா பிஸ்தோவைப் பார்த்தாள். கேலியில்லாத அந்தப் பார்வையை அவர் இதுவரை கண்டதே இல்லை.

நாடா வெட்டப்பட்டது. தங்க நிறம் பூசிய பெரிய பொத்தானை வால்தேசா, பாதிரியார், குழுத் தலைவி மூவரும் சேர்ந்து அழுத்தினார்கள். ஒலிபெருக்கி ‘கொர்ர்’ என்றது. மின்விசிறி மெல்ல நின்றது. பெட்டியின் திரையில் பூஜ்யம்.

ஒரு நொடி எல்லோரும் விழித்தார்கள். வால்தேசா மட்டும் சளைக்கவில்லை. மைக் இல்லாமலே முழங்கினார்:

"நண்பர்களே! இப்பத்தான் இந்த நிலையம் நம்ம சங்கத்தோட முழுசா இணைஞ்சிருக்கு!"

பலத்த கைதட்டல்.

அந்தச் சத்தத்தில் பிஸ்தோவுக்குள் இத்தனை வருஷம் குனிந்தே இருந்த ஏதோ ஒன்று நிமிர்ந்தது. பன்றி மேஜைக்குப் போய் வெட்டுக்கத்தியை உருவினார். தண்ணீர்ப் பீப்பாயில் ஏறி, அங்கிருந்து கூரைக்குத் தாவினார். தொப்பி கீழே விழுந்ததை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மனோங்! என்ன பண்றீங்க! மனோங்!"

நெற்றியில் குத்தி மோவாய்வரை ஒரே இழுப்பு. பதாகை ‘பர்ர்ர்’ என்று இரண்டாகப் பிளந்தது. மூக்கு ஒரு பக்கமும் சிரிப்பு ஒரு பக்கமுமாகச் சுருண்டு தெருவில் விழுந்தன.

"அது என் முகம்டா!" என்று கத்தினார் வால்தேசா.

"தெரியும் சார். வெயில மறைச்சுது!"

பெட்டியின் திரையில் எண் ஒன்றுக்கு ஏறியது. தொங்கிக்கொண்டிருந்த செல்போன்களைப் பக்கத்து வீட்டுக்காரி கொத்தாகப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு. இப்போது யாரும் கைதட்டவில்லை. துலியாவின் தோள்கள் மேலும் கீழும் தவித்தன. பிஸ்தோ கூரையிலிருந்தே வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டார். மூன்று வந்ததும் பெட்டி ‘க்ளிக்’ என்றது. பக்கத்து வீட்டுக்காரி ஒயரைச் சொருக, மெஷின் முனகி, இருமி, ‘உஸ்...’ என்றது.

ஊரே அந்த அம்மாள் மூச்சிழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"பிஸ்தோ... இடது பக்கம்... இன்னும் ஒரு காது தொங்குது. அதையும் வெட்டு."

வெட்டினார்.

இரண்டு நாளில் புயல் வந்து தீவைப் புரட்டிப் போட்டது. கம்பங்கள் சாய்ந்து, கம்பிகள் தெருவில் கிடந்தன. சரிசெய்ய மாதங்கள் ஆகும் என்றது சங்கம். பிஸ்தோ புயலுக்கு முன்பே பெட்டியை நிரப்பி, தகடுகளை இறக்கிவைத்து, ஓய்ந்ததும் மறுபடி கட்டியிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சங்க வண்டி வந்து நின்றது. பொதுமேலாளரின் திருவுருவைச் சேதப்படுத்திய குற்றத்துக்காகக் கபுத்தான் வீட்டு இணைப்பைத் துண்டிக்க உத்தரவு.

உங்காப் கட்டிங் பிளேயரோடு இறங்கி மேலே பார்த்தார். வெட்டுவதற்குக் கம்பி இல்லை.

"கீழ கிடக்குதே இன்ஜினியர், வெட்டிக்கங்க," என்றார் பிஸ்தோ. தொப்பி தலையிலேயே இருந்தது.

"அது புயல் அறுத்தது. நாங்க அறுத்ததா ஆகாது. விதிப்படி, துண்டிக்கணும்னா முதல்ல இணைப்பு நல்லபடியா இருக்கணும்."

ஆட்கள் வந்தார்கள். தெருமுனையிலிருந்து கம்பங்களை நிமிர்த்தினார்கள், புதுக் கம்பி இழுத்தார்கள், மீட்டரைத் துடைத்தார்கள். புயலுக்குப் பிறகு தீவில் முதன்முதலாகக் கரண்ட் வந்தது கபுத்தான் வீட்டுக்குத்தான். பல்பு எரிவதை உங்காப் திருப்தியாகப் பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி முறைப்படி துண்டித்தார். இந்தக் கூத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மனோங்," என்று மெதுவாகக் கேட்டாள், "அன்னைக்கு எந்தக் கத்தியால கிழிச்சீங்க?"

பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவில், புயலுக்குத் தப்பிய வால்தேசாவின் முகம் ஒன்றுகூட முழுசாக இல்லை. பிறந்தநாள் வாழ்த்து, பட்டமளிப்பு வாழ்த்து, புயல் எச்சரிக்கை எல்லாவற்றையும் அரிவாளோடு ஆளாளுக்கு ஏறிக் கிழித்தார்கள். கிழித்தவர்கள் சங்கத்து ஜன்னலில் வரிசை கட்டி, ‘நான்தான் கிழிச்சேன், என் வீட்டையும் விதிப்படி இணைச்சுத் துண்டிங்க’ என்று குற்றத்தை ஒப்புக்கொள்ள முண்டியடிக்கிறார்கள் என்று பிஸ்தோ வந்து சொன்னார்.

துலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். அவ்வளவு சிரிப்புக்கும் வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது.